கழுத்துக்குக் கீழே

சாரதாமணியின் முகம் மல்லசமுத்திரத்தில் எல்லாருக்கும் தெரியும். கழுத்துக்குக் கீழே உள்ள சாரதாமணியைத் தெரிந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு அதிகம். சென்னையில் இருக்கிறார்கள், சிங்கப்பூரில் இருக்கிறார்கள், அமெரிக்காவில் பனிக்குள் உட்கார்ந்துகொண்டு முகூர்த்தப் பட்டு தேடுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பது சென்னியம்மாளின் உத்தரவு. சென்னியம்மாள் வேறு யாருமில்லை, அவளைப் பெற்றவள்தான்.

சாரதாமணியின் புருஷன் தண்டாயுதபாணி போர்வெல் ரிக் வண்டிக்கு மேனேஜராக வடக்கே போனவன். போன இடத்தில் வண்டி கவிழ்ந்து, பெட்டியில் வந்து சேர்ந்தான். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அது. குழந்தை இல்லை. காரியம் முடிந்ததும் மாமியார் வீட்டில், "அம்மிணி கொஞ்ச நாளைக்கு அவங்கம்மா ஊட்டுல இருக்கட்டுங்க" என்று பதமாகச் சொல்லி அனுப்பி வைத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

இந்தக் காலத்தில் யாரும் வெள்ளைச் சீலை கட்டச் சொல்வதில்லை. அவ்வளவு மோசமானவர்கள் இல்லையாம். நெற்றியில் பொட்டு வைக்காமல் துளி விபூதி போட்டுக்கொண்டால் போதும். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் பந்தி பரிமாறலாம், பாத்திரம் எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் முன்வரிசையில் உட்காரக் கூடாது. யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அவளாகவே பின்னால் போய்விட வேண்டும். சாரதாமணியும் போய்விடுவாள்.

தம்பி தமிழரசுக்குத்தான் அவள் சும்மா உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை. கோயமுத்தூரில் கம்பெனி வேலையில் இருந்தவன், ஒரு லீவில் வந்து, மாடியில் தீவன மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து சுவருக்கு வெள்ளையடித்தான். வட்ட விளக்கும் போன் மாட்டும் ஸ்டாண்டும் வாங்கி வந்தான்.

"மோட்டுவளையவே பாத்துட்டு உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிரும்க்கா. ஜலகண்டாபுரத்துத் தறிக்காரங்ககிட்ட எடுத்து இன்ஸ்டால போடு. ஆனா ஒண்ணு, மடிச்சு வெச்ச சீலைய எவனும் சீண்டமாட்டான். கட்டிக் காட்டோணும்."

"கட்டிக் காட்டறதுன்னா, நானா?" என்றாள் சாரதாமணி. அப்படிக் கேட்கும்போதே அவளுக்கு ஆசையாக இருந்தது. பட்டுச் சீலை கட்டி எத்தனை காலம் ஆகிவிட்டது!

சென்னியம்மாள் முதலில் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். அப்புறம் மகன் பேசிப் பேசி ஒருவழியாக இறங்கி வந்தாள். "மூஞ்சி தெரியப்படாது. பேச்சும் கேக்கப்படாது. அறுத்தவ மினுக்கீட்டு ஆடறான்னு ஊரு பேசறதுக்கு நான் ஆளில்ல, ஆமா."

அப்படித்தான் 'சாரதா கலெக்ஷன்ஸ்' பிறந்தது. கழுத்திலிருந்து கால்வரை ஒரு உருவம். பின்னால் நாதஸ்வர இசைத் துண்டு ஒன்று ஓடும். கொசுவத்தை விசிறி மாதிரி விரித்து மடிக்கும் விரல்கள், முந்தியைத் தோளில் போட்டு அதன் நெசவு தெரிகிற மாதிரி ஒரு தடவல், திரும்பும்போது கரை தரையைத் தொட்டு நகரும் அழகு. பேச்சு இல்லாத குறையைச் சாரதாமணியின் கைகள் தீர்த்துவைத்தன. ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் மாரியப்பன், "எங்க சீலை இவ்வளவு நல்லா இருக்குதுன்னு உங்க வீடியோவப் பாத்துத்தான் எங்களுக்கே தெரியுதுங்க" என்றார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருத்தி கேட்டாள், "அக்கா, காலுல மெட்டியக் காணோமே?"

சீலையின் கரையைக் காட்ட வேண்டுமென்றால் காலையும் காட்டித்தானே ஆக வேண்டும்? அது சாரதாமணிக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கேள்விக்குக் கீழே இன்னொருத்தி வந்தாள். "முகூர்த்தப் பட்டை யார் கட்டிக் காட்டறாங்கன்னு பாத்து வாங்குங்க. அப்புறம் நம்ம புள்ளைங்களுக்குத்தான் ஆகாது." அன்றைக்கே, பட்டு எடுத்து வைக்கச் சொல்லியிருந்த சிலர் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

சாரதாமணி அழுதுகொண்டே விளக்கை அணைத்துவிட்டுக் கீழே வந்தாள். கடையை மூடிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் மறுநாள் சேலத்துக்குப் போய் வந்த சென்னியம்மாள், மாடிப்படி ஏறி வந்து ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள். உள்ளே விரலில் அழுத்தி மாட்டுகிற மெட்டி ஒரு ஜோடி, மஞ்சள் கயிற்றில் கோத்த கவரிங் தாலி ஒன்று.

"எதுக்கும்மா இது?"

"வியாபாரத்துக்குத்தான? ஜவுளிக்கடைக்காரன் பொம்மைக்கு நகையெல்லாம் போட்டு நிறுத்தறானே, அது பாவமா? போட்டுக் களட்டிப் போடு. மாடிய உட்டு எறங்கறப்ப மட்டும் இருக்கப்படாது."

கயிற்றின் கொக்கியை அம்மாவே பின்கழுத்தில் மாட்டிவிட்டாள். எட்டு ஊர்ப் பெண்கள் கூடித் தாலி அறுத்த கழுத்து அது. இப்போது ஒரு கவரிங் தாலி ஏறிக்கொண்டது. சாரதாமணி குனிந்து கால் விரலைப் பார்த்தாள். அவமானமாக இருந்தது. அதைவிட அவமானம், கூடவே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்கப்புறம் வியாபாரம் பிடித்த பிடியில் நிற்கவே இல்லை. அதுமட்டுமா, அந்த அக்காவுக்குக் கைராசி என்று ஒரு பேச்சும் கிளம்பிவிட்டது. தட்டிப் போய்க்கொண்டிருந்த வரன், இந்த அக்கா கட்டிக் காட்டிய பட்டை வாங்கி வைத்ததும் முடிந்துவிட்டது என்று சங்ககிரிப் பக்கத்துத் தாய் ஒருத்தி எழுதினாள். பார்சலில் அக்கா கையால் ஒரு மஞ்சள் கிழங்கு வைத்து அனுப்பச் சொல்லிப் பலர் கேட்டார்கள். சாரதாமணி வைத்து அனுப்பினாள். அவள் கை பட்ட மஞ்சள் ஊர் ஊராகக் கல்யாண வீடுகளுக்குப் போயிற்று. அவளோ பெரியப்பா மகள் சித்ராவின் வளைகாப்பில் சமையல்கட்டுப் பக்கம் உட்கார்ந்து வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில்தான் தமிழரசுக்கு எருமப்பட்டியில் பெண் அமைந்தது. பெண் பெயர் சண்முகப்பிரியா. வேடிக்கை என்னவென்றால், அவள் ஏற்கெனவே சாரதா கலெக்ஷன்ஸைப் பின்தொடர்கிறவள். மாப்பிள்ளையின் அக்காதான் அந்த அக்கா என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போன் போட்டு, "ஏனுங் நங்கை, கூறைச் சீலை நீங்கதான் உங்க கையால எடுத்துக் குடுக்கோணும்" என்றாள். நாத்தனாரை நங்கை என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அப்படி ஒரு குரல் தன்னை உரிமையோடு கூப்பிட்டதில் சாரதாமணி நெகிழ்ந்துபோனாள். அரக்கு நிறத்தில் கூறைப்பட்டு சொல்லி நெய்யவைத்தாள். ஒரே மாதிரி இரண்டு. ஒன்று கல்யாணப் பெண்ணுக்கு, ஒன்று வீடியோவுக்கு.

கூறைச் சீலை என்றால் அவளுக்கு வேறொரு நினைப்பும் இருந்தது. கொங்குக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையையும் அவன் கூடப்பிறந்தவளையும் சேர்த்து நிறுத்திச் செய்கிற சீர். கூறைச் சீலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். பெண்டாட்டி வருகிறாள், ஆனாலும் உனக்கும் எனக்கும் இருக்கிறது அறாது என்று ஊரறியச் சொல்வதுதான் அது. தாலிக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான். தமிழரசு அரை டவுசர் போட்ட காலத்திலிருந்தே, "எனக்கு எங்கக்காதான் சீருக்கு நிப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன். தண்டாயுதபாணி செத்த பிறகும் அவன் அதை மாற்றிச் சொன்னதில்லை. நிச்சயத்தன்றுகூட எல்லார் எதிரிலும் சொன்னான். அப்போது யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஒரு சீருக்கு நிற்பதில் என்ன இருக்கிறது என்று வெளியாட்கள் கேட்கலாம். சாரதாமணிக்கு எல்லாமே அதில்தான் இருந்தது. கூட்டத்தின் நடுவில், வெளிச்சத்தில், முகத்தோடு ஒருமுறை நின்றுவிட்டால் போதும் என்று இருந்தது. அதற்கப்புறம் எந்தப் பின்வரிசையிலும் உட்கார்ந்துகொள்வாள்.

தமிழரசுக்கோ வியாபார மூளை. "நம்ம அக்கா தம்பி கல்யாணம், இணைச்சீர் ரீல் வருது, காத்திருங்க" என்று இன்ஸ்டா பக்கத்தில் அவனே ஒரு விளம்பரம் போட்டான். அதற்கு வந்த இதயங்களைப் பார்த்துவிட்டு, "பாத்தியாக்கா, முகூர்த்த மாசம் முழுக்க இதுவே போதும். மாரியப்பண்ணங்கிட்டச் சொல்லித் தறிய இந்தப் பட்டுக்கே ஓட்டச் சொல்லு" என்றான். சாரதாமணி சீருக்குக் கட்டத் தனக்கென்று ஒரு பச்சைப் பட்டு எடுத்து அம்மாவிடம் காட்டினாள். சென்னியம்மாள் சீலையைப் பார்க்காமல், "நல்லாத்தான் இருக்குது, வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

கல்யாணம் திருச்செங்கோட்டில் ஒரு மண்டபத்தில். இரண்டு வீட்டாரும் முந்தின நாள் சாயங்காலமே வந்து இறங்கிவிட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் இணைச்சீர். சாரதாமணி பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை வாரி, விபூதியைச் சரியாக இட்டுக்கொண்டு மேடைப் படிக்கு அருகில் வந்து நின்றாள். மேடையில் தமிழரசு தலையில் உருமாலை கட்டி உட்கார்ந்திருந்தான். சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் தட்டைச் சரிசெய்துவிட்டு, "சீர்க்காரி வாங்க" என்று கூப்பிட்டார்.

அவள் படியில் கால் வைத்தாள். அதற்குள் மறுபக்கத்துப் படி வழியாகப் பெரியப்பா மகள், பிள்ளை பெற்றுத் தேறியிருந்த சித்ரா ஏறி வந்துவிட்டாள். ரோஸ் கலர் பட்டு, இடுப்பில் ஒட்டியாணம், தலை நிறையக் கனகாம்பரம். அவளுக்குப் பின்னாலேயே சென்னியம்மாள், தள்ளிவிடாத குறையாக அவளை நடத்திக்கொண்டு வந்தாள்.

சாரதாமணி தம்பியைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். ஒரு நொடிதான். அதற்கப்புறம் போட்டோக்காரர் எங்கே பார்க்கச் சொன்னாரோ அங்கே பார்த்தான். கூறைச் சீலையின் முனையை அவன் கையில் கொடுத்தார்கள், மறுமுனையைச் சித்ரா வாங்கிக்கொண்டாள். மேளக்காரர் வாசித்தார். அப்பா கந்தப்பன் மேடைக்குக் கீழே துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. படியில் வைத்த காலைச் சாரதாமணி எடுத்துக்கொண்டாள். யாரோ ஒரு அம்மாள் அவள் பட்டைத் தொட்டுப் பார்த்து, "எங்க எடுத்தீங்க, நல்லா இருக்குதே" என்று கேட்டாள்.

எங்கேயாவது போய் உட்கார்ந்தால் போதும் என்று மாடிக்கு ஏறினாள். வழியில் பெண் அறையின் கதவு திறந்திருந்தது. அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்த சண்முகப்பிரியா கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"நங்கை! இங்க வாங்க. ஏனுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"நானா? என்ன பண்ணுனேன்?"

"சீருக்கு நீங்கதான் நிப்பீங்கன்னு நானும் அம்மாவும் எவ்வளவு ஆசையா இருந்தோம். எங்கம்மாதான் சொன்னாங்க, அவங்களே நிக்கட்டும், காலம் மாறிப்போச்சுன்னு. நீங்களே வேண்டாம்னு சொல்லீட்டீங்கன்னு அத்தை சொல்றாங்க. கூச்சமா இருக்குதுன்னீங்களாமே?"

பெண் வீட்டார் மறுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவர்கள் அந்நியர்கள். வயிற்றில் சுமந்தவள் செய்த வேலையாம் இது! "ஆமாங் கண்ணு, கூச்சந்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நாளைக்குத் தாலி ஏறப்போகிற பிள்ளையின் மனசில் எதற்கு மண்ணை அள்ளிப் போட வேண்டும்?

மாடிக் கோடியில், சாமான் வைக்கிற அறையில் பாய்க்கட்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தமிழரசு தேடிக்கொண்டு வந்தான். பின்னால் சென்னியம்மாள். அவன் கையில் வட்ட விளக்கு, போன் ஸ்டாண்ட். அவள் கையில் வீடியோவுக்கான அந்த அரக்குப் பட்டு.

"அக்கா, கோவிச்சுக்காத. பொண்ணு ஊட்டுல ஒத்துக்கல. கடைசி நேரத்துல சொல்றாங்க, நான் என்ன பண்றது சொல்லு?"

சாரதாமணி அவன் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்லும்போது சின்ன வயசில் காதைத் தடவுவான். இப்போது தடவவில்லை, நன்றாகப் பழகிவிட்டது. "ம்" என்றாள்.

"அந்த ரீல் போட்டே ஆகோணும்க்கா. எல்லாரும் கேட்டுட்டே இருக்காங்க. மேடையில எடுத்ததப் போடலாம்னா சித்ராக்கா ஊட்டுக்காரரு நெட்டுல போட்டா வெட்டிருவேங்கறாரு. அதுவுமில்லாம, உங்கையப் பாத்துப் பழகுனவங்களுக்கு அந்தக் கை வேறன்னு தெரிஞ்சிரும். இங்கயே ரெண்டு நிமிசம், நீயும் நானும் சீலையப் புடிச்சுட்டு நிப்போம். அதே மாதிரிதான். கழுத்துக்குக் கீழ."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது. மேடையில் நிற்கக் கூடாத இணைச்சீருக்குப் பாய்க்கட்டு அறையில் நிற்கலாம். ஊர் பார்க்க நிற்கக் கூடாது, உலகம் பார்க்க நிற்கலாம், தலை மட்டும் இருக்கக் கூடாது.

சென்னியம்மாள் பக்கத்தில் வந்து மடியிலிருந்து அந்த டப்பாவை எடுத்தாள். கல்யாணத்துக்குப் புறப்படும்போதே அதை மறக்காமல் எடுத்து வைத்திருக்கிறாள். பூ, பழம், தேங்காய், மகள் போட்டுக் கழற்ற ஒரு தாலி.

"நில்லு அம்மிணி, மாட்டி உடறேன்."

சாரதாமணி நின்றாள். ஏன் நின்றாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒருவேளை, எப்படியோ தம்பி கையில் இருக்கிற சீலையின் மறுமுனையைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை அந்த நேரத்திலும் சாகாமல் இருந்திருக்கலாம். கொக்கி மாட்டப்பட்டது. மெட்டியை அவளே குனிந்து போட்டுக்கொண்டாள். விளக்கு எரிந்தது. தமிழரசு அரக்குப் பட்டின் ஒரு முனையைப் பிடித்தான், அவள் மறுமுனையைப் பிடித்தாள். ஸ்டாண்டில் மாட்டியிருந்த அவளுடைய போனில் நாதஸ்வரம் ஓடியது.

உண்மையாகச் சொன்னால், அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு அது பொய்யாகவே தெரியவில்லை. சீலை இறுக்கமாக நின்றது. அவன் இப்போது ஒரு வார்த்தை சொல்வான், அக்கா தப்புப் பண்ணிட்டேன்க்கா என்பான், கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போவான் என்று அவள் நம்பினாள். அவன், "முந்திய இன்னுங் கொஞ்சம் விரிச்சுப் புடிக்கா, ஜரிகை தெரியல" என்றான்.

எடுத்து முடிந்தது. "சூப்பர்க்கா" என்று சொல்லிவிட்டு அவன் வாசலுக்குப் போனான். வாசலுக்கு வெளியே சென்னியம்மாள் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"கையும் மூஞ்சியுங் களுவீட்டுக் கீழ போ சாமி. விடிஞ்சா முகூர்த்தம்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அறை சின்னது, கேட்டுவிட்டது.

தமிழரசு ஒன்றும் கேட்கவில்லை. எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. கையை நீட்டினான். அவள் ஊற்றினாள். அவன் கழுவினான். சீலையைப் பிடித்த அந்தக் கையை விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினான். பிறகு இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

சாரதாமணி அப்படியே நின்றாள். அழுகை வரவில்லை. புருஷன் செத்தபோது இருந்தது துக்கம். இது துக்கமில்லை. தாலியின் கொக்கியைத் தானே தேடிப் பிடித்துக் கழற்றினாள். மெட்டியைக் கழற்றினாள். இரண்டையும் டப்பாவில் போட்டு மூடிப் பாய்க்கட்டுக்கு அந்தப் பக்கம் வீசினாள். பச்சைப் பட்டை அவிழ்த்துவிட்டு அரக்குப் பட்டைக் கொசுவம் வைத்து நிதானமாகக் கட்டிக்கொண்டாள். போன் ஸ்டாண்டைப் பின்னுக்கு இழுத்து, உயர்த்தி வைத்தாள். திரையில் முதன்முறையாக அவள் முழுசாகத் தெரிந்தாள். வெறும் நெற்றி, விபூதி, வெறும் கழுத்து, வெறும் கால். முப்பது வயசைத் தாண்டிய, கண்ணுக்குக் கீழே கருத்துப்போன, ஆனாலும் லட்சணமான ஒரு பெண். அவள் ரொம்ப நேரம் அந்த முகத்தைப் பார்த்தாள். அப்புறம் எப்போதும் செய்கிற மாதிரியே முந்தியை விரித்தாள், கரையைக் காட்டினாள், திரும்பினாள், கேமராவை நேராகப் பார்த்து நின்றாள்.

தம்பி எடுத்ததை அழித்தாள். தான் எடுத்ததைப் போட்டாள். "இது என் தம்பி கல்யாணக் கூறைப் பட்டு. கட்டியிருப்பது அவனுடைய அக்கா, சாரதாமணி" என்று மட்டும் எழுதினாள்.

இனி வீடு இடிந்து விழும் என்று எதிர்பார்த்தாள். அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். தமிழரசிடமிருந்து ஒரு செய்தி வந்தது, 'அக்கா ப்ளீஸ், அத எடுத்துரு'. அவள் எடுக்கவில்லை. மறுநாள் முகூர்த்தத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டாள். நன்றாக இருக்கட்டும் என்று மனசாரத்தான் போட்டாள், என்ன இருந்தாலும் தம்பி. சென்னியம்மாள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் சோறு போட்டாள், பேச்சு மட்டும் இல்லை. அவ்வளவுதான். எதுவும் இடிந்து விழவில்லை.

கருத்துகள் வேறு மாதிரி வந்தன. திட்டுவார்கள் என்று பார்த்தால், ஒருவரும் திட்டவில்லை. அவள் எழுதியிருந்ததை யாராவது நம்பினால்தானே திட்டுவதற்கு?

"புது மாடலுங்களா? சுமார்தான்."

"முகூர்த்தப் பட்டுக்கு நெத்தில ஒரு பொட்டாவது வெச்சு உட்டிருக்கலாம்."

"பழைய அக்காவே நல்லா இருந்தாங்க. அவங்க நிக்கறதே ஒரு மங்களகரமா இருக்கும்."

"யாரோ அக்கா பேர எடுத்துப் போலியா நடத்தறாங்க போலிருக்குது. ஜாக்கிரதை."

சாரதாமணி ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள். நான்தான் அந்த அக்கா என்றாள். இதே கைதான் பாருங்கள் என்று கையை மட்டும் படமெடுத்துப் போட்டாள். நம்பவில்லை. அந்த அக்கா காலில் மெட்டி இருக்கும், கழுத்தில் மஞ்சள் கயிறு இருக்கும், எங்களுக்குத் தெரியாதா என்றார்கள். முகத்தோடு இன்னும் சில வீடியோ போட்டுப் பார்த்தாள். மாரியப்பன் போன் செய்து, "ஏனுங்க, தறிய நிறுத்தட்டுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றாள். அந்த வீடியோக்களுக்கு நல்ல சீலை, நல்ல கை, நல்ல வெளிச்சம் எல்லாம் இருந்தது. ஆள்தான் வேண்டாதவளாகிவிட்டாள்.

ஒரு மத்தியானம், மாடி அறையில் சீலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது போனில் தகவல் வந்தது. ஆத்தூரிலிருந்து ஒரு தாய். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம்.

"வணக்கம்ங்க. அந்த அரக்கு கலர் கூறைப் பட்டு வேணும். ஆனா இந்தப் புதுப் பொண்ணு கட்டுனது வேணாம். பழைய அக்கா கட்டிக் காட்டினா உடனே எடுத்துக்கறோம். அவங்க ஏன் இப்பல்லாம் வரதில்ல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சாரதாமணி கையிலிருந்த சீலையைக் கீழே வைத்தாள். நான்தான் அது என்று எழுதப் போனவள் நிறுத்திக்கொண்டாள். எத்தனை பேரிடம்தான் சொல்வது?

"அவங்க தம்பி கல்யாணத்துக்குப் போனாங்க. இன்னும் திரும்பி வரலீங்க" என்று எழுதி அனுப்பினாள்.

அந்தத் தாயிடமிருந்து உடனே பதில் வந்தது. "தம்பி கல்யாணமா! ரொம்ப சந்தோஷம். அவங்க கையால சீர் நடந்திருந்தா அந்தத் தம்பி அமோகமா இருப்பாரு. மெதுவா வரட்டும், நாங்க காத்திருக்கோம்."